மூன்றாவது கடவுச்சீட்டு

அந்த அமெரிக்க இசைக்குழு ஜெர்மனிக்கு மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் நான் அவர்களுக்குச் சமைத்துப் போட்டேன். மூன்றாவது தடவையோடு அந்தக் குழு இல்லாமல் போனது. ஏன் இல்லாமல் போனது என்று அதன் ரசிகர்கள் இன்னும் இணையத்தில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பாடகனுக்குத் தொண்டை பழுதாகிவிட்டது என்கிறார் ஒருவர். அவன் மதம் மாறித் தேவாலயத்தில் சேர்ந்துவிட்டான் என்கிறார் இன்னொருவர். இரண்டும் பொய். நடந்தபோது நான் அவன் பக்கத்தில் இருந்தேன். இத்தனை வருடம் நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. சொல்லியிருந்தால் என்னை விமானத்தில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டேன். கொழும்பு, மொஸ்கோ, கீவ், பிறகு பெயர் தெரியாத காடுகள். கடைசியில் ஒரு லொறியில் முட்டைக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு நாள் படுத்திருந்து, செக் எல்லையைக் கடந்து சாக்சனி மாநிலத்துக்குள் வந்து இறங்கினேன். என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். உடனே திருப்பி அனுப்பவும் அவர்களால் முடியவில்லை. அதனால் ஒரு தாள் தந்தார்கள். குறுக்கே சிவப்புக் கோடு போட்ட தாள். ‘இந்த ஆளை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம்’ என்பதுதான் அதன் பொருள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு, நாங்கள் சொல்லும் கந்தோருக்குப் போய் அதை நீட்டிக்க வேண்டும். அந்தத் தாள் உள்ளவர்கள் அனுமதியில்லாமல் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. லைப்சிக் நகரம் பஸ்ஸில் நாற்பது நிமிடம்தான். ஆனால் அது அடுத்த மாவட்டம்.

ஒரு தடவை போனேன். மிளகாய்த்தூள் வாங்கப் போனேன். லைப்சிக் ரயில் நிலையத்தில், அத்தனை நூறு பேருக்குள், இரண்டு பொலிஸ்காரர் நேராக என்னிடம் வந்தார்கள். அபராதம் போட்டார்கள். நிராகரிப்புக்கு எதிராக எனக்காக மனு எழுதிய சட்டத்தரணி அம்மா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “முதல் தடவை அபராதம். இரண்டாம் தடவை நீதிமன்றம். உங்கள் மனு அங்கே கிடக்கிறது. இன்னொரு வழக்கு வந்தால் அது குப்பைக்குப் போகும். பிறகு என்னிடம் வராதீர்கள்.” அதைச் சொல்லும்போது அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் இருந்தது ஒரு சிறிய ஊரின் ஓரத்தில், பழைய இராணுவக் குடியிருப்பில். அகதிகளை வைத்திருக்கும் அந்த விடுதியை ஹைம் என்பார்கள். ஒரு அறைக்கு இரண்டு கட்டில். என்னோடு இருந்தவர் பருத்தித்துறைப் பக்கத்து மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நோய் இருந்தது. விடியற்காலையில் வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். எதிர் அறையில் இருந்தவரை நாட்டுக்குத் திருப்பி அனுப்ப, அப்படி ஒரு விடியற்காலையில்தான் பொலிஸார் கொண்டுபோனார்கள். அவருடைய செருப்பு ஒரு கிழமை முழுக்க வாசலில் கிடந்தது. யாரும் தொடவில்லை.

அந்த ஊரில் மூடப்பட்ட நூற்பாலை ஒன்று இருந்தது. அதை இளைஞர் சிலர் எடுத்து இசைக் கச்சேரி நடத்தினார்கள். ஜெர்மனியில் அப்படியான இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற குழுவுக்குச் சூடான சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தே ஆகவேண்டும். ஆலை என் மாவட்டத்துக்குள் இருந்ததால் நான் அங்கே போய் நிற்கலாம். முதலில் கூட்டித் துடைத்தேன். பிறகு ஒரு நாள் சமைக்க ஆள் வரவில்லை. அண்டாவில் சோறு போட்டு, பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வைத்தேன். அதிலிருந்து சமையல் என் வேலை ஆனது. சம்பளம் இல்லை. வேலை அனுமதி இல்லாதவனுக்குச் சம்பளம் தந்தால் அவர்களுக்கும் கேடு, எனக்கும் கேடு. இரவுச் சாப்பாடும் ஹைமுக்கு வெளியே சில மணி நேரமும் கிடைத்தது. எனக்கு அது போதும். ஒரே இடத்தில் இருக்கிற பழக்கம் என் உடம்புக்கு இல்லை.

அந்தக் குழு முதல் தடவை வந்த மாலை ஆலையில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். சோறு போட்டவன் என்பதால் எண்ணிக்கை தெரியும். குழுவில் மூன்று பேர். பாடகன் மெலிந்து உயர்ந்தவன். கிட்டாரும் அவனே வாசிப்பான். ஊரில் வீடுகளுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்துகிற வேலை. டிரம்ஸ் அடிப்பவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன். பருமனான உடம்பு, ஓயாத பேச்சு. மூன்றாமவன் பேஸ் கிட்டார் வாசித்தான். அவனுடைய தகப்பன் மெக்சிகோக்காரர். நிறத்திலும் மூக்கிலும் என் தம்பி மாதிரி இருந்தான். அமெரிக்காவின் வடக்கே, ஆறு மாதம் பனி கொட்டுகிற ஒரு ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அங்கே ஒரு கார் கொட்டகையில் பாட்டுகளைப் பதிவு செய்து, கசெற்றாக்கி, தாங்களே உறையில் போட்டுத் தபாலில் அனுப்புவார்களாம். கசெற்றில் பெயர் போடமாட்டார்கள், முகம் போடமாட்டார்கள்.

அவர்கள் வாசித்தது பிளாக் மெட்டல் என்கிற, கத்திப் பாடுகிற ராக் இசை. எனக்கு இசை தெரியாது. டிரம்ஸ் சத்தம் கேட்டதும் முதலில் குனிந்தேன். அது ஊரில் பழகின குனிவு. பிறகு அந்தப் பாடகன் கத்தியதைக் கேட்டேன். அது ஆளை மிரட்டுகிற கத்தல் என்று எனக்குப் படவில்லை. பூட்டின அறைக்குள் இருக்கிறவன் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

மேடைக்கு முன் அவர்கள் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசி, கண்ணைச் சுற்றிக் கரி தீட்டிக்கொள்வார்கள். பிணப் பூச்சு என்று சொல்வார்கள். அந்த இசைக்காரர் பலர் அதைச் செய்வதுண்டு. இவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு இருந்தது. சாயம் முகத்தில் ஏறிவிட்டால், கடைசிப் பாட்டு முடிந்து கழுவும்வரை ஒரு சொல் பேசக்கூடாது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கையால்தான் கேட்க வேண்டும். பாடகன் போட்ட சட்டம் அது. “சாயம் போட்ட பிறகு நான் இல்லை. இல்லாதவன் எப்பிடிக் கதைப்பான்?” என்று அவன் ஒருநாள் என்னிடம் சொன்னான். அவர்கள் பேசிய ஆங்கிலத்தை நான் என் பேச்சில்தான் எழுத முடியும். குழு தொடங்கிய நாளிலிருந்து அவன் அந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை என்று டிரம்ஸ்காரன் சொன்னான். ஒரு தடவை மேடையில் கம்பி அறுந்து கன்னத்தைக் கிழித்தபோதும் ‘ஆ’ என்று சொல்லவில்லையாம்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தபோது ஆலை பாதி நிறைந்தது. இடையில் ஒரு இசைத்தட்டு வந்திருந்தது. அதற்கடுத்த முறை, ஒரு பெப்ரவரியில், அவர்கள் வந்தபோது வாசலில் ஆட்கள் நின்று திரும்பிப் போனார்கள். சாப்பாட்டு மேசையில் டிரம்ஸ்காரன் வாய் நிறையப் பருப்போடு சொன்னான்: “நீயும் வா. பெர்லின், டிரெஸ்டன், பிறகு மலையில ஒரு ஊர். ரீசேட் விக்க ஆள் இல்லை. நாலு நாள். புதன்கிழமை இரவு கொண்டுவந்து விடுறம்.”

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்குக் கந்தோரில் டெர்மின். தாள் நீட்டிக்கும் நாள்.

நான் ஏன் ஓம் என்றேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆறு வருடம் ஒரே ஊரின் ஒரே தெருவில் நடந்திருந்தேன். அவர்கள் வந்த வான் வண்டியின் பின் கதவு திறந்திருந்தது.

அண்ணையிடம் சொன்னபோது அவர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“உனக்கு விசரோ?”

“நாலு நாள்தான், அண்ணை.”

“நாலு நாளோ நாலு நிமிசமோ, பிடிச்சால் பிடிச்சதுதான். அதுவும் உந்தப் பேயளோட. வெள்ளைக்காரன் தன்ர முகத்தில சுண்ணாம்பு பூசுறான், அது அவன்ர பிழைப்பு. நீ என்னத்துக்குப் பின்னால திரியிறாய்?”

“ஹைம்காரன் கேட்டால் காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ.”

“காய்ச்சல் இல்லை, செத்துப்போனான் எண்டு சொல்லுறன். அதுதான் உண்மையாப் போகப்போகுது.” பிறகு தன்னுடைய கம்பளித் தொப்பியை எடுத்து எறிந்தார். “இதைப் போடு. உன்ர தலையைத் தூரத்தில பாத்தாலே தமிழன் எண்டு தெரியும்.”

வானின் பின் இருக்கையில், சாமான் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். மாவட்ட எல்லையில் ஒரு மஞ்சள் பலகை இருக்கிறது. அது கடந்து போனதைப் பார்த்தேன்.  என் பக்கத்தில் போகிற ஒவ்வொரு காரையும் பார்த்தேன். பச்சை வெள்ளைப் பொலிஸ் கார் ஒன்று எங்களை முந்தியபோது குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினேன். பிறகு பார்த்தால் அந்தச் சப்பாத்துக்குக் கயிறே இல்லை.

பெர்லினில் நானூறு பேராவது இருந்திருப்பார்கள். சட்டைகள் அடுக்கிய ரீசேட் மேசை வாசலுக்குப் பக்கத்தில். எனக்குப் பின்னால் சுவர், முன்னால் கறுப்புச் சட்டை போட்ட வெள்ளை மனிதர்கள். தலையை மழித்த ஒருவன் வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றி என்னையே பார்த்தான். கைகள் முழங்கைவரை பச்சை குத்தியிருந்தன. என்ன எழுத்து என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

“நீ இங்கே என்ன செய்கிறாய்?” என்றான்.

“ரீசேட் விற்கிறேன்.”

“இந்த இசை உனக்குத் தெரியுமா?”

“சோறு போடுகிறேன்.”

அவன் அடுக்கிலிருந்த சட்டைகளைப் புரட்டினான். பிறகு பெரிய அளவில் ஒன்று கேட்டான். கொடுத்தேன். போகும்போது தோளில் தட்டினான். அந்தத் தட்டு அன்பா, எச்சரிக்கையா என்று எனக்கு விளங்கவில்லை. அவன் கூட்டத்துக்குள் மறைந்தான். அதன் பிறகு கூடியவரை மேசைக்குப் பின்னால் குந்திக்கொண்டு பெட்டி அடுக்கினேன்.

அடுத்த நாள் காலை, தங்கியிருந்த வீட்டில் பெரிய சண்டை. பேஸ்காரனுக்குப் பெர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு பெண் இருந்தாள், இரண்டாம் பயணத்தில் பழக்கமானவள். தனக்கு முப்பது வயதாகப்போகிறது, இனிக் கார் கொட்டகையில் பேயாக நிற்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கிட்டாரைக்கூட எடுக்கவில்லை. அவனுடைய கடவுச்சீட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. பயணம் போகிற குழுக்களில் எல்லாக் கடவுச்சீட்டையும் ஒரே தோல் பையில் போட்டு, ஓட்டுபவனிடம் வைத்திருப்பார்கள். தொலையாமல் இருக்க அது ஒரு முறை. ஓட்டுபவன் டிரம்ஸ்காரன். போனில் கேட்டபோது, “வைச்சிருங்கோ, விமான நிலையத்தில வாங்கிறன்” என்றானாம்.

டிரெஸ்டன் போகும் வழியில் டிரம்ஸ்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“உன்ர உயரம் என்ன?”

“ஏன்?”

“எங்கட பாட்டில பேஸ் ஒருத்தனுக்கும் கேக்காது. ஆனா மூண்டு பேர் நிக்காட்டி எல்லாருக்கும் தெரியும்.”

“எனக்கு வாசிக்கத் தெரியாது.”

“வயர் செருகமாட்டம். சும்மா நில். கையை ஆட்டு. சோத்துக்கு உப்புப் போடுற மாதிரி.”

அன்று மாலை டிரெஸ்டனில் என் முகத்தில் அந்தச் சாயம் ஏறியது. குளிர்ந்த நெய் மாதிரி இருந்தது. பாடகன் தன் கையாலேயே பூசினான். பூசி முடித்துக் கண்ணாடியைக் காட்டியபோது அதில் ஒரு செத்த ஐரோப்பியன் இருந்தான். மேடையில் முக்கால் மணி நேரம் நின்றேன். அந்த வெளிச்சத்தில் யாரும் என்னிடம் தாள் கேட்க முடியாது என்று ஒரு யோசனை வந்தது. ஆறு வருடத்தில் அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான் நான் பயப்படவில்லை. அதை நான் ஒளிக்க விரும்பவில்லை. அதனால்தான் அடுத்த நாளும் பூசச் சம்மதித்தேன்.

அடுத்த நாள் புதன்கிழமை. மலையில் அந்த ஊரின் இளைஞர் விடுதியில் பின்னேரமே கச்சேரி. அங்கே உடை மாற்ற அறை இல்லை என்றார்கள். பார்வையாளர்கள் தன் வெறும் முகத்தைப் பார்ப்பது பாடகனுக்குப் பிடிக்காது. ஆகவே டிரெஸ்டனிலேயே சாயம் பூசிக்கொண்டு வானில் ஏறினோம். பாடகனும் நானும் மட்டும். டிரம்ஸ்காரன் ஓட்ட வேண்டும், சாயம் கண்ணில் வழியும், போய்ப் பூசுகிறேன் என்றான். கச்சேரி முடிந்ததும் நேராக என்னை ஹைமில் விடுவதாகப் பேச்சு.

அந்தப் பாதை செக் எல்லைக்குக் கிட்டப் போகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அமெரிக்கர்களுக்கு அது வெறும் மலைப் பாதை. ஊர்ப் பெயர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. முட்டைக்கோஸ் லொறியிலிருந்து இறங்கி நான் நடந்த பக்கம் அது. அந்தப் பக்கமெல்லாம் எல்லைப் பொலிஸ் தெருவோரம் நிற்பார்கள், நினைத்த வண்டியை மறிப்பார்கள். வேறு பாதையால் போ என்று சொல்ல வாயெடுத்தேன். பாடகன் விரலை உதட்டில் வைத்தான். சாயம் போட்டாயிற்று, பேசக்கூடாது. நான் வாயை மூடினேன். அந்த நேரம் அவனுடைய சட்டத்தை ஏன் மதித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மூன்றரை மணி இருக்கும். பனி தூவிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் பச்சை உடுப்புக்காரன் சிவப்புத் தட்டைத் தூக்கினான். டிரம்ஸ்காரன் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒன்றும் யோசிக்காமல் தோல் பையை அப்படியே நீட்டினான். அதில் மூன்று அமெரிக்கக் கடவுச்சீட்டுகள். வானில் மூன்று பேர்.

யாரும் திட்டமிடவில்லை. கை நீட்டிய பிறகுதான் டிரம்ஸ்காரனுக்கு உறைத்தது. அவனுடைய கழுத்துப் பின்புறம் சிவந்ததை நான் பார்த்தேன்.

இரண்டு பொலிஸ்காரர். வயதானவர் கடவுச்சீட்டுகளைப் புரட்டினார். இளையவன் தெருவில் நின்று பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தான். வயதானவர் வானின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். குளிர் உள்ளே விழுந்தது. எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார்.

“என்ன இது? திருவிழாவா?” என்றார் ஆங்கிலத்தில்.

“மியூசிக், சேர்,” என்று டிரம்ஸ்காரன் கச்சேரி நோட்டீஸை நீட்டினான். “அவங்கள் கதைக்கமாட்டாங்கள். பூசினா கதைக்கக்கூடாது. எங்கட சட்டம்.”

“இங்கே எங்கள் சட்டம்,” என்றார் அவர். ஒரு கடவுச்சீட்டைத் திறந்து பாடகனுக்கு முன்னால் பிடித்தார். “பெயர்?”

பாடகன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை.

“பெயர் கேட்டேன்.”

ஒன்றும் இல்லை.  இந்த மடையனின் கட்டுப்பாட்டால் எல்லோரையும் இறக்கப் போகிறார்கள், முகத்தைக் கழுவச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். கழுவினால் நான்தான் வெளியே வருவேன். அமெரிக்கனின் கடவுச்சீட்டோடு ஒரு யாழ்ப்பாணத்தான். மாவட்டத்தைத் தாண்டியது அதற்குப் பிறகு சின்ன விஷயம்.

பொலிஸ்காரர் மூன்றாவது கடவுச்சீட்டைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திடீரென்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

“பிறந்த தேதி?”

கந்தோரில், மருத்துவமனையில், பொலிஸ் நிலையத்தில், ஹைம் வாசலில் ஆறு வருடமாக இதைத்தான் என்னிடம் கேட்டார்கள். கேட்டால் சொல்லமாட்டேன், தாளை எடுத்துக் கொடுத்துவிடுவேன், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதுவே பழக்கம். என் தலைக்குத் தெரியும் அது அமெரிக்கன் செய்யக்கூடாத காரியம் என்று. கைக்குத் தெரியவில்லை. அது தானாக நெஞ்சுப் பைக்குப் போனது. பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த அந்தச் சிவப்புக் கோட்டுத் தாளின் விளிம்பு விரலில் பட்டது. நான் அதை இழுத்தேன். உண்மையாகவே இழுத்தேன்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

“அவருக்குப் பல்லு வலி,” என்றான் பாடகன்.

அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாதது. மேடையில் கத்துகிறவனின் குரலும் இல்லை, சாப்பாட்டு மேசையில் பேசுகிறவனின் குரலும் இல்லை. மெல்லியதாக, உடைந்து, வகுப்பில் தப்புச் செய்த பிள்ளையின் குரல்போல் வந்தது. “வாய் திறக்க ஏலாது. மருந்தைத் தேடுறார். இவர்தான் எங்கட பேஸ் வாசிக்கிற ஆள். என்னைக் கேளுங்கோ. என்ன வேணுமோ என்னைக் கேளுங்கோ, சேர்.” பிறகு பேஸ்காரனின் பிறந்த தேதியைச் சொன்னான். பிறந்த ஊரைச் சொன்னான். அவனுடைய தாயின் பெயரைக்கூடச் சொன்னான், ஒருவரும் கேட்காமலே. நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனான்.  கண்ணைச் சுற்றியிருந்த கரியில் ஈரம் கோடு போட்டது.

பொலிஸ்காரர் கடவுச்சீட்டைப் பார்த்தார். என் நெஞ்சுப் பையில் இருந்த இரண்டு கைகளையும் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பின்னால் செக் இலக்கத் தகடு போட்ட லொறி ஒன்று வந்து நின்றது. இளையவன் ஏதோ கத்திக் கூப்பிட்டான்.

“பல் வலிக்குக் கிராம்பு நல்லது,” என்றார் அவர். கடவுச்சீட்டுகளைப் பைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கதவை அவரே சாத்தினார்.

அவர் நம்பினாரா, குளிரில் எழுத்து வேலை செய்ய மனமில்லாமல் விட்டாரா, எனக்குத் தெரியாது. நான் பல தடவை இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கிலோமீட்டர் போனதும் பாடகன் வானை நிறுத்தச் சொன்னான். வாயால் சொன்னான். இறங்கி, தெருவோரப் பனியை அள்ளி முகத்தில் தேய்த்தான். வெள்ளையும் கறுப்பும் கலந்து சாம்பலாக வழிந்தது.

“என்னடா செய்யிறாய்? இன்னும் ஒரு மணித்தியாலத்தில கச்சேரி,” என்றான் டிரம்ஸ்காரன்.

“பூசிக்கொண்டு கதைச்சிட்டன்.”

“அதால என்ன? ஒருத்தருக்கும் தெரியாது. பொலிஸ்காரனோ உன்ர ரசிகன்?”

“எனக்குத் தெரியும். அவன் கேக்கேக்க நான் அப்பிடியே இருந்தன், பாத்தியா? துணிவில இருக்கேல்லை. பயத்தில வாய் வரேல்லை. இத்தனை வருசமும் அதுதானோ எண்டு இப்ப யோசிக்கிறன்.”

நான், “என்னால வந்தது,” என்றேன். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஓம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. மறுபடி பனியை அள்ளினான்.

அன்று இளைஞர் விடுதியில் இரண்டு பேரும் வெறும் முகத்தோடு ஏறினார்கள். நான் வானுக்குள் போர்வை மூடிப் படுத்திருந்தேன். மூன்று பாட்டுக் கேட்டது. நான்காவது நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் விசில் சத்தம். பிறகு அவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குழுவின் கடைசிக் கச்சேரி அது.

பனி கூடி மலைப் பாதையை மூடிவிட்டதால் திரும்ப முடியவில்லை. விடியும்வரை அங்கேயே கிடந்துவிட்டு, வியாழன் காலை என்னை நேராகக் கந்தோர் வாசலிலேயே கொண்டுவந்து விட்டார்கள். ஒன்பதுக்கு ஏழு நிமிடம் இருந்தது. வழியில் பெற்றோல் நிலையக் கழிவறையில் சவர்க்காரம் போட்டு முகம் தேய்த்திருந்தேன். தோல் எரிந்தது.

கந்தோரில் என் கோப்பைப் பார்க்கும் பெண் நல்லவளும் இல்லை, கெட்டவளும் இல்லை. தாளை வாங்கினாள். கணினியில் தட்டினாள். முத்திரையை எடுத்தாள். நிமிர்ந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள்.

“உங்கள் காதில் என்ன?”

தொட்டுப் பார்த்தேன். காதின் உள்மடிப்பில் சாயம் கட்டியாக இருந்தது. விரலில் வெள்ளையாக ஒட்டியது.

“சாயம்,” என்றேன். 

“எங்கே சாயம் அடிக்கிறீர்கள்?”

அப்போதுதான் விளங்கியது. நான் வீடுகளுக்குச் சாயம் அடிக்கிறேன், களவாக வேலை செய்கிறேன் என்று நினைக்கிறாள். அதற்கும் வழக்கு உண்டு. மேடையைச் சொன்னால் மாவட்டம் தாண்டினது வரும். வேலை இல்லை என்றால் சாயம் எப்படி என்று வரும்.

“ஹைமில் குளிக்கும் அறைச் சுவர் உரிந்திருந்தது. நானே பூசினேன்.”

“உங்களை யார் பூசச் சொன்னது?”

“ஒருவரும் இல்லை.”

அவள் ஒரு சிறிய மஞ்சள் தாளில் ஏதோ எழுதி என் கோப்புக்குள் ஒட்டினாள். பிறகு முத்திரை குத்தினாள். எப்போதும் மூன்று மாதம் போடுவாள். அன்று ஒரு மாதம் போட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த அறையில் ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

வான் வாசலில் காத்திருந்தது. பாடகன் முன் இருக்கையில் இருந்தான். முகத்தில் மயிர்க்கால்களுக்குள் இன்னும் சாம்பல் நிறம். கண்ணாடியை இறக்கினான்.

“எவ்வளவு காலம் தந்தவை?”

“ஒரு வருசம்,” என்றேன்.

டிரம்ஸ்காரன் ஸ்டியரிங்கில் அடித்துக் கூச்சல் போட்டான். பாடகன் என் கையைப் பிடித்தான், அதே மணிக்கட்டை. பிறகு அவர்கள் பெர்லின் பக்கம் திரும்பினார்கள். மூன்றாவது கடவுச்சீட்டை அதன் சொந்தக்காரனிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏற வேண்டும்.

நான் ஹைமுக்கு நடந்தே போனேன். அண்ணை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான்கு நாளும் சவரம் செய்யவில்லை என்று தெரிந்தது.

“எவ்வளவு தந்தவள்?”

“ஒரு மாசம்.”

“ஒரு மாசமோ?” எழுந்து வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். “காதில என்னடா, பல்லி எச்சமே?”

முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டு முடிந்ததும் தன் பெட்டியிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். குளிரில் உறைந்திருந்தது. ஹீட்டரின் மேல் வைத்து இளக்கி, துணியில் தோய்த்து என் காதைத் துடைக்கத் தொடங்கினார்.

“சுவர் பூசினன் எண்டு சொன்னனீ?”

“ஓம்.”

“பாக்க வருவாங்கள்.”

“ஓம்.”

“அப்ப இண்டைக்கே பூச வேணும். எந்தச் சுவர் எண்டு சொன்னனீ?”

“குளிக்கிற அறை.”

“நிறம்?”

“வெள்ளை.”

“வெள்ளைப் பெயின்ட் எங்க இருக்கு?” என்று கேட்டவர் கையை நிறுத்தினார். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. என் காதுக்குள் எண்ணெய் மெல்ல இறங்கியது. இருவரும் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.